சொல்லாமல் அடித்த மருந்து

டிசம்பர் கடைசி நாளன்று என் மகள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் ஒரு வேலை வைத்தாள். அவள் பெங்களூரில் இருக்கிறாள். அங்கே ஆபீஸில் இப்படியெல்லாம் விளையாடுவார்கள் போலிருக்கிறது. முடிகிற வருஷத்தில் செய்த ஒரு நல்ல காரியம், ஒரு கெட்ட காரியம், வரப்போகும் வருஷத்துக்கு ஒரு ஆசை. மூன்றையும் ஆளுக்கு ஆள் எழுதிப் போட வேண்டும். என் தம்பி, பீடியைக் குறைத்ததை நல்ல காரியத்தில் எழுதினான். அவன் பெண்டாட்டி அதற்குக் கீழே விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையாக நாலு போட்டாள்.

நான் எழுதியது இது. நல்லது: வாசலில் இரண்டு கொய்யாக் கன்று வைத்தேன். கெட்டது: சர்க்கரை மாத்திரையை அடிக்கடி மறந்துபோனேன். ஆசை: எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மகள் உடனே சிவப்பு இதயம் ஒன்று போட்டாள். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது, என் மேலேயே. பொய் சொல்வதில் இந்த ஒரு வருஷத்தில் எவ்வளவு தேறிவிட்டேன் பாருங்கள். அங்கே எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பது வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் டீச்சர் என்கிற பேர் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் கொல்லை இருக்கிறது. எங்கள் பக்கம் நிலத்தைத்தான் கொல்லை என்போம். அதில் நானே நின்று தக்காளி வைத்துக்கொண்டிருந்தேன். பறித்த காயை பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டியில் போட்டு, டெம்போ ஏற்றி, பாலக்கோடு மண்டிக்கு அனுப்பிவிட்டு வந்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். கோபம் கொஞ்சம் அதிகம் எனக்கு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் மகளைக் கேட்டால் வேறு கதை சொல்வாள்.

கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் மல்பெரித் தோட்டம். அதற்கு உரிய குடும்பம் தோட்டத்தை ஒட்டியே குடியிருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, அவனுடைய அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். அவர்கள் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அந்தத் தொழிலை இங்கே கொண்டுவந்ததே அந்த மருமகள்தான். கடத்தூர்ப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டில் புழு வளர்த்துப் பழகியவள். இருபத்தொன்பது வயது. நிலக்கடலை போட்டுப் போட்டுச் சலித்துக்கிடந்த நிலத்தில் மல்பெரி வைக்கலாம் என்று மாமியாரிடம் வருஷக்கணக்கில் மன்றாடி, கடைசியில் சாதித்துவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் புழுவுக்கென்று தனியாக ஒரு ஷெட். புழுவூடு என்பார்கள். அதற்குள் அவள் வைத்ததுதான் சட்டம். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. பவுடர் பூசியவர், சென்ட் அடித்தவர், புகையிலை போட்டவர் எல்லோரும் வெளியேதான். ஒருநாள் நான் மாங்காயும் மிளகாய்த்தூளும் தின்ற கையோடு போய் நின்றேன். "டீச்சரம்மா, அங்கியே நில்லுங்க, ஒரு அடி எடுத்து வெச்சீங்க, நான் பொல்லாதவ ஆயிடுவேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு நான் பால்வாடியில் கூட்டம் போடும்போது இந்த மாதிரிக் குரலில்தான் பேசுவேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை, நாப்கின் எல்லாம் கொடுத்துவிட்டு, "மாசாமாசம் வர்றது தீட்டு இல்லை, அது உடம்பு செய்யற வேலை, எவளாச்சும் உன்னைத் தள்ளி உட்காரச் சொன்னா என்கிட்ட வந்து சொல்லு" என்று முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். வாய் அப்படி.

தக்காளிக்கும் பட்டுப்புழுவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஆகவே ஆகாது. மருந்து அடிக்காமல் தக்காளி தேறாது. அந்த மருந்தின் சாரல் பட்ட இலையைத் தின்றால் புழு பிழைக்காது. அதனால் எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. மருந்து அடிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் வரப்பில் நின்று குரல் கொடுப்பேன். "நாளைக்கு அடிக்கறேம்மா!" அவ்வளவுதான். அவள் என் பக்கத்து இலையை அன்றைக்கே அறுத்து ஈரச்சாக்கு மூடி வைத்துக்கொள்வாள். அடித்தபிறகு இருபது நாளைக்கு அந்தப் பக்கம் கத்தி வைக்க மாட்டாள். மேற்கேயிருந்து அவர்கள் பக்கம் மேல்காற்று வீசினால் நான் மருந்து டேங்கையே தோளில் ஏற்ற மாட்டேன். மூன்று வருஷமாக இப்படித்தான் நடந்தது, ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

வைகாசிக் கடைசியில் அவளுடைய புருஷன், வரப்பு மேலிருந்த என் வேப்பமரத்துக் கிளை ஒன்றை என்னைக் கேட்காமல் வெட்டிவிட்டான். மல்பெரிக்கு நிழல் விழுகிறதாம். கேட்டிருந்தால் நானே ஆள் வைத்து வெட்டிக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அவன் வாசலில் போய் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தேன். அவன் பதிலுக்கு ஏதோ முனகினான். மருமகள் நடுவில் வந்து, "உடுங்க டீச்சரம்மா, ஒரு கெளைதானே" என்றாள். அந்த "ஒரு கெளைதானே" என்னை இன்னும் ஏற்றிவிட்டது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒரு மரக்கிளைக்காக. அறுபது வயது பொம்பளை.

நாலாம் நாள், பழத்தில் ஊசிப்புழு விழுந்திருப்பதைப் பார்த்தேன். உடனே அடித்தாக வேண்டும். அன்று சாயங்காலம் வரப்பு வரைக்கும் போனேன். அவள் அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வெறும் வீம்பு. 'நாம ஏன் முதல்ல பேசணும், வேணும்னா அவங்க வரட்டும்' என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பேட்டரி டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நானே அடித்தேன். ஆரம்பிக்கும்போது காற்று இல்லை. பாதியில் மேல்காற்று எழும்பியது. நிறுத்தியிருக்கலாம். கலக்கிய மருந்து வீணாகிவிடுமே என்று கிழக்கு வரப்பு வரை அடித்து முடித்துவிட்டுத்தான் டேங்கை இறக்கினேன்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் எல்லோரும் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். புழு பெரிய புழுவாகிவிட்ட நேரம். கூடு கட்டுவதற்கு முந்தின அந்த ஒரு வாரம் அது தின்கிற தீனிக்கு அளவே கிடையாது. வேளாவேளைக்கு இலை போட ஆள் வேண்டும் என்று அவளை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள். பத்து மணி இருக்கும். மருந்து டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், அவள் வரப்பை ஒட்டி இலை அறுத்துக்கொண்டிருக்கிறாள்.

பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். இருபது அடி தூரம்கூட இருக்காது. "அடியே, அதை அறுக்காதே" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் முடிந்தது. நான் வாயைத் திறந்ததும் உண்மைதான். ஆனால் சொன்னால், 'சொல்லாமல் ஏன் அடிச்சீங்க?' என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது? காற்று அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கட்டைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் சத்தம் கேட்டு ஓடினேன். அதுவரை அந்த ஷெட்டுக்குள் செருப்போடு யாரும் போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எல்லோரும் செருப்போடு நின்றார்கள். தட்டு தட்டாகப் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. வாயிலிருந்து பச்சையாகக் கக்கின. பாதி சுருங்கிக் கீழே உதிர்ந்து கிடந்தன. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உயிர் இருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. சாக்குகளில் அள்ளி, குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடினார்கள். இருபது நாளாகக் குழந்தை மாதிரி வளர்த்தது.

அன்றைக்கு மத்தியானமே பட்டு ஆபீசர் வந்து பார்த்தார். "மருந்து பட்ட மாதிரி இருக்குது. வேற நோயாவும் இருக்கலாம். பக்கத்துல யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரப்பிலேயே நின்று, "வேப்பெண்ணெய்க் கரைசல்தான் சார் அடிச்சேன். வேறெதுவும் இல்லை" என்றேன். குரல் நடுங்கவில்லை. ஆபீசர் இன்னொரு கேள்வி கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவளுடைய புருஷன், கிளை வெட்டிய அவனேதான், குறுக்கே சொன்னான்: "டீச்சரு பொய் சொல்ல மாட்டாங்க சார்."

அந்தக் கணத்தில் நான் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. நன்றாகத் திடமாக நின்றேன்.

மருந்து இல்லை என்றானதும், வேறு என்ன என்று தேட ஆரம்பித்தார்கள். தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. மாமியார் மருமகளைக் கேட்டாள், "நேத்து நாங்க யாரும் இல்லாதப்ப நீ சுத்தபத்தமாத்தான் இருந்தியா?" அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு மற்றவர்கள் பஸ் ஏறிய பிறகு அவளுக்குத் தூரம் வந்துவிட்டிருக்கிறது. நாள் தள்ளி வந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை, புழுவோ பசியில் கிடக்கிறது. மூன்று வேளையும் அவளே உள்ளே போய் இலை போட்டிருக்கிறாள். "பசியில சாவ வுடறதா அத்தே?" என்றுதான் கேட்டாள்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அய்யோ, தீட்டோட உள்ள போயி என் குடியையே கெடுத்துட்டாளே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். புருஷன் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். 'தீட்டு இல்லை, உடம்பு செய்யற வேலை' என்று முப்பது வருஷம் சொன்ன வாய், ஒரே ஒரு தடவை நிஜமாகத் தேவைப்பட்டபோது மூடிக்கொண்டது. நான் வாயைத் திறந்திருந்தால், 'அப்படின்னா புழு எதால செத்துச்சு?' என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

அதற்கப்புறம் அவளைப் புழுவூட்டுக்குள் விடவில்லை. அவள் கொண்டுவந்த தொழிலில் அவள் இலை அறுத்து வாசலில் போட்டுவிட்டு வர வேண்டும். அந்த நாட்களில் இலையையும் தொடக்கூடாது. ஷெட் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் மாமியார் அவளுடைய நாட்களைப் பேனாவால் சுழித்து வைப்பாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிற இடம் அது. கூடு வாங்க வந்த ஆள் ஒருவன்கூட அதைப் பார்த்து என்னவென்று கேட்டானாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் கிளம்பி, பாதி வழியில் திரும்பினேன். சொல்வதற்குப் பதிலாக வேறு ஒன்று செய்தேன். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த தக்காளிச் செடியை முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மருந்தே தேவைப்படாத கேழ்வரகு விதைத்தேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு மருந்து என் கொல்லையில் விழவில்லை. ஊரில் சிரித்தார்கள். "டீச்சரு இயற்கை விவசாயத்துக்கு மாறிட்டாங்க" என்று டீக்கடையில் பேச்சாம். அவளுடைய பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். தீபாவளிக்கு அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். "எதுக்குங்க டீச்சரம்மா இவ்வளவு?" என்று கேட்டாள். "சும்மாதான், கட்டிக்கோ" என்றேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் மாமியார் வரப்போரம் வந்து நின்றாள். முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தியா டீச்சரு, அப்பறமா வெச்ச நாலு பேட்சும் ஒரு குறையும் இல்லாம வந்துடுச்சு. அவ கால் உள்ள படாததுதான். இதுக்கு மேல என்னா சாட்சி வேணும் சொல்லு" என்றாள்.

நான் களைக்கொத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு பேட்சும் நன்றாக வந்ததற்குக் காரணம் நான் மருந்து அடிக்காததுதான். பாவத்தைக் கழுவுகிறேன் என்று நான் ரகசியமாகச் செய்ததெல்லாம் அந்தப் பெண்ணின் தலையில் குற்றத்தை ஆணி அடித்து இறுக்கியிருக்கிறது. நான் தக்காளியையே வைத்து, மருந்தையே அடித்து, இன்னொரு பேட்ச் செத்திருந்தால்கூட அவள் பேரில் இருந்த பழி போயிருக்கும். அடி பாவி, அடி சண்டாளி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டு என்ன? அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மார்கழி முழுக்கக் காலையில் கோலம் போடும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். வெயில் ஏறியதும் நாளைக்கு என்று தள்ளிவிடுவேன்.

ஜனவரி முதல் தேதி காலையில் அவள் ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தாள். அந்தத் தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள். "ஹேப்பி நியூ இயருங்க டீச்சரம்மா" என்றாள். எப்போதும் இல்லாத சிரிப்பு. உட்கார வைத்து, காபி கொடுத்து, பேச்சுக்குக் கேட்டேன், "புது வருஷத்துல என்ன பண்ணலாம்னு இருக்கற?"

"நல்ல சேதி ஒண்ணு இருக்குதுங்க. யாருகிட்டயும் சொல்லல. பொங்கல் முடிஞ்சதும் கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு இருக்கறேன்."

"என்னது?"

"தருமபுரியில ஒரு ஆஸ்பத்திரியில கேட்டாச்சுங்க. ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. எடுத்துட்டா ஒரு தொல்லையும் இல்ல பாருங்க. மாசம் முப்பது நாளும் புழுவூட்டுக்குள்ள போவலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

"உனக்கு என்ன வியாதி? எதுக்கு எடுக்கணும்?"

"வியாதியெல்லாம் இல்லீங்க. அதான் ரெண்டு புள்ளைங்க ஆயிடுச்சே. இனி அது இருந்து என்னா பண்ணப்போவுது?" என்று கொத்தமல்லிக்கட்டு வாங்குவதைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருபத்தொன்பது வயதில் எடுத்தால் என்னென்ன ஆகும் என்று கத்த ஆரம்பித்தேன். எலும்பு தேயும், உடம்பு எரியும், முப்பது வயதில் அறுபது வயதுக் கிழவியாவாய் என்றேன். பழைய கூட்டத்துக் குரல் அப்படியே வந்துவிட்டது. அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "உங்களுக்கு என்னங்க, படிச்சவங்க. உங்களாலயா புழு செத்துச்சு? என்னாலதானே செத்துச்சு. அத்தனை உசுரு" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"உன்னால இல்லடி" என்றேன். "என்னால."

அவளுக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் சாயங்காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டதிலிருந்து, ஆபீசரிடம் வேப்பெண்ணெய் என்று சொன்னது வரை. நடுவில் இரண்டு தரம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். அவள் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

"அன்னிக்கு மருந்து வாசம் லேசா அடிச்சுதுங்க" என்றாள் கடைசியில். "டீச்சரம்மா சொல்லாம அடிக்க மாட்டாங்கன்னுதான் அறுத்தேன்."

நான் கேசரிக் கிண்ணத்தை மேஜை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தேன்.

"நான் அறுக்கறத நீங்க பாத்தீங்களா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு பொய் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தேன். அந்த நிமிஷத்திலும் நினைத்தேன். அவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என் புத்தி.

"பாத்தேன்" என்றேன்.

அவள் எழுந்தாள். "வாங்க. எங்க வூட்ல வந்து சொல்லுங்க" என்றாள். குரலில் சூடும் இல்லை, அழுகையும் இல்லை. அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். நூறு தப்படி இருக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை.

அவர்கள் வாசலில் மாமியார் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். இந்தமுறை சுருக்கமாகச் சொன்னேன், நீட்டினால் உடைந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவன் துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "ஆபீசருகிட்ட நான்தானே டீச்சர் சொன்னேன், நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு" என்றான். அதைத் திரும்பவும் சொன்னான். கோபப்பட்டு நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலாம். அவனுடைய மூத்தமகள் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை.

மாமியார் கையிலிருந்த மொச்சையை உரித்து முறத்தில் போட்டாள். பிறகு நிமிர்ந்து, "நீ அடிச்சது நெஜமாவே இருக்கட்டும் டீச்சரு. இவ உள்ள போனதும் நெஜந்தானே? இவ செஞ்ச தோசம்தான் உனக்கு அப்படி அடிக்கச் சொல்லி புத்தியக் குடுத்துருக்குது" என்றாள்.

"நான் அடிச்சது விடியக்காலம், அவளுக்கு வந்தது அதுக்கப்புறம்" என்று கணக்குச் சொல்லப் போனேன். அதற்குள் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. அடக்க முடியாமல் வந்தது. சிரித்துக்கொண்டே மாமியாருக்கு முன்னால் வந்து குந்தினாள். "அத்தே, இனிமே இந்த வூட்ல என் நாளை யாரும் எண்ண வேணாம். வேணும்னா டீச்சரம்மா மருந்தடிக்கிற நாளை எண்ணுங்க" என்றாள். ஏழு மாதத்தில் அவள் மாமியாரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தரம். மாமியார் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அங்கேயே நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே வீட்டுக்கு வந்தேன். கிண்ணத்துக் கேசரி மேஜை மேல் அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் கண்ணில் படவில்லை. பிள்ளைகளும் பாடத்துக்கு வரவில்லை. நாலாம் நாள் கேழ்வரகுத் தாளை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வரப்பில் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலீங்க. வூட்டுக்காரருகிட்ட சொன்னேன், அவரே போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டாரு" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. "நல்லதும்மா, நல்லது" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணுமான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். வாய் வரலீங்க. ஏழு மாசம் என் உடம்பப் பாத்து நானே அருவருத்துக்கிட்டுக் கெடந்தேன். குளிக்கறப்பகூட. அது உங்களுக்குத் தெரியாது."

தெரியாது என்று தலையாட்டினேன். அவள் கேட்டாள், "தையில என்னா வெக்கப் போறீங்க?"

"கேழ்வரகேதான். இனி உன் பக்கம் ஒரு சொட்டு மருந்து வராது. என் காலம் முடியற வரைக்கும் வராது. உனக்காக நான்..."

"வேணாங்க" என்று வெட்டினாள். "தக்காளியே வெய்யுங்க. மருந்தும் அடிங்க. நீங்க அடிக்காம இருந்துதான் நாலு பேட்சும் நல்லா வந்துச்சு. நான் பாவியானதும் அதனாலதான். எனக்காக, எனக்காகன்னு இனிமே எதையும் மனசுக்குள்ளயே செய்யாதீங்க டீச்சரம்மா. சேலை எடுத்துக் குடுத்தப்பகூட நீங்க சொல்லியிருக்கலாம். நான் உங்க காலைத் தொட்டேன்."

சரி என்றேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புழுவூட்டுப் பக்கம் நடந்தாள்.